உங்கள் வீட்டிலேயே ஒரு கரண்ட் ஆபீஸ்

கரண்ட் போனதும் நம்மாட்கள் முதலில் தேடுவது டார்ச்சை என்று நினைத்தால் தப்பு. வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்ப்பார்கள். "எல்லாருக்கும் போச்சா, நமக்கு மட்டுமா?" எல்லாருக்கும் என்றால் ஒரு நிம்மதி, விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து ஊர்க்கதை பேசலாம். நமக்கு மட்டும் என்றால்தான் வயிற்றைக் கலக்கும். பீஸ் கேரியரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், கரண்ட் ஆபீசுக்குப் போன் போட வேண்டும், "லைன்ல வேலை நடக்குது, வந்துரும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம், கரண்டை நாமே தயாரித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்களா? வாழ்த்துகள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இதில் பட்டம் எதுவும் கிடையாது. கோவை கணபதியில் கீழே லேத் பட்டறை, மேலே வீடு. பம்புக் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். 2008 கடைசியில் ஆரம்பித்த மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனபோது, சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் எங்களுக்குப் பாதி நாளுக்கு மேல் கரண்ட் கிடையாது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். ஜாப்பை சக்கில் மாட்டி, சென்டர் பார்த்து, டூலை வைக்கும்போது விளக்கு அணையும். அந்த வருஷம் கோவையில் ஜெனரேட்டர் வாங்காதவன் ஒன்று பெரிய மகானாக இருந்திருப்பான், இல்லை தொழிலை மூடியிருப்பான். நான் மகான் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோவைக்கு சொந்தக் கரண்ட் புதுசே இல்லை. 1888-ல் வந்த ஸ்டேன்ஸ் மில் முதற்கொண்டு, பழைய மில்களுக்கெல்லாம் ஓடுவதற்கான சக்தியை அவரவரே செய்துகொள்ள வேண்டியிருந்தது. பாய்லர், நீராவி எஞ்சின், புகைபோக்கி. 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்து, நீலகிரித் தண்ணீர் கம்பி வழியாகக் கீழே வந்ததும், "அப்பாடா, இனி கம்பி பார்த்துக்கொள்ளும்" என்று எஞ்சினைக் கழற்றிப்போட்டார்கள். தெருவுக்கு ஒரு மில் முளைத்தது. சரியாக எண்பது வருஷம் கழித்து பேரன்மார் எல்லாரும் வரிசையில் நின்று எஞ்சின் வாங்கினோம்.

போகட்டும், விஷயத்துக்கு வருவோம்.

முதல் படி: கணக்குப் போடாதீர்கள். எந்த மெஷின் எத்தனை எச்பி, எது எதோடு சேர்ந்து ஓடும் என்றெல்லாம் காகிதத்தில் எழுதுவது நேரத்துக்குக் கேடு. நேராகப் போய், மூடிப்போன மில் ஒன்றின் ஏலத்தில், பார்க்க லட்சணமாக இருக்கும் செட்டை எடுத்துவிடுங்கள். நான் எடுத்தது 15 கேவிஏ. கேவிஏவை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட், அதாவது 12. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், 5 எச்பி கம்ப்ரசர், கடனில் வாங்கிய ஒரு சிஎன்சி. எல்லாம் கூட்டினாலும் 12-க்குள்தான் வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, எஞ்சினைக் கிளப்பி, ஆபரேட்டர் பையனிடம் "எல்லாத்தையும் போடுடா" என்றேன்.

போட்டான். கம்ப்ரசர் ஸ்விட்சைத் தட்டினதும் எஞ்சின் ஒரு முனகல் முனகியது. டியூப்லைட் மஞ்சள் பூத்தது. சிஎன்சி திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. அப்புறம் மொத்தமும் இருட்டு. புகை மட்டும் பாக்கி. எங்கள் டர்னர் அண்ணன் நாற்பது வருஷ சர்வீஸ். அரை மூடித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க மொதலாளி, மாட்டை வண்டியில பூட்டறப்பவே மேட்டுல ஏத்துனா எப்பிடிங்க?"

விஷயம் இவ்வளவுதான். 5 எச்பி மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர்தான் கேட்கும். கிளம்பும் அந்த நொடியில் மட்டும் ஆறு மடங்கு கேட்கும், 45 ஆம்பியர் வரை. 15 கேவிஏ செட் முழு மூச்சில் கொடுப்பதே 21 ஆம்பியர். ஊர் லைனில் இது தெரியாது. உங்கள் மோட்டார் கிளம்பும்போது ஊரே சேர்ந்து முட்டுக் கொடுக்கிறது. சொந்த செட்டில் முட்டுக் கொடுக்க நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கே சுவரில் சாக்பீஸால் எழுதினோம்: முதலில் கம்ப்ரசர், சத்தம் நிலைத்த பிறகு லேத், கடைசியில் சிஎன்சி. அந்த எழுத்தின் மேல் இதுவரை மூன்று தடவை வெள்ளையடித்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் திரும்ப எழுதியிருக்கிறோம்.

இதைக் கேட்டுப் பயந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. நண்பர் ஒருவர் பத்து கிலோவாட் வேலைக்கு 62.5 கேவிஏ வாங்கிவைத்தார். டீசல் எஞ்சினை வெறும் வயிற்றில் ஓடவிட்டால் அதற்கு ஆகாது. சூடு ஏறாமல், டீசல் முழுசாக எரியாமல், சைலன்சர் வழியாகக் கறுப்பாக எண்ணெய் வடியும். பாதிக்கு மேல் லோடு இருந்தால்தான் அது நிறைவாக ஓடும். நண்பர் இப்போது செட்டுக்குப் பசி தீர்க்கவே ஒரு ஹீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். கரண்ட் மிச்சமாகிறதா என்று கேட்டேன். முறைத்தார்.

டீசல் கணக்கைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும். நல்ல லோடில் ஒரு லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் வரும். இன்றைய விலைக்கு எண்ணெய்ச் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 26 ரூபாய்க்குக் குறையாது. ஆயில், ஃபில்டர், பேட்டரி, மெக்கானிக்குக்கு டீ இவையெல்லாம் தனி.

அடுத்து இடம். சத்தமும் புகையும் தெருவுக்குப் போகக் கூடாது என்று செட்டை ஒரு ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் நான் கிண்டல் செய்யப் போவதில்லை. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். மூடின அறையில், படிக்கட்டுக்கு அடியில், படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் செட் ஓடக் கூடாது.

கிண்டல் செய்ய முடியாத இன்னொன்று சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். ஈபி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், நடுவில் ஆஃப். ஒன்று இருந்தால் மற்றது இருக்கவே முடியாதபடி அமைந்த கைப்பிடி. அது இல்லாமல், செட்டிலிருந்து ஒரு ஒயரை எடுத்து வீட்டு பிளக்கில் செருகி "வந்திருச்சு பார்" என்கிற சாமர்த்தியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டி, கம்பம் ஏறி, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் புகுந்து, 230 வோல்ட்டாகப் போனது 11,000 வோல்ட்டாக வெளியே வரும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் கை வைக்கிற லைன்மேன் செத்துப்போவார்.

சரி, கரண்ட் வந்துவிட்டது. அதன் தரம்? வந்தால் போதாதா, அதில் தரம் வேறா என்று நானும் கேட்டவன்தான். வீட்டு பல்புக்குத் தரம் தேவையில்லை. ஒரு சிமிட்டுச் சிமிட்டிவிட்டு எரியும். சிஎன்சிக்கு அந்தச் சிமிட்டு போதும். எங்கோ ஒரு ஃபவுண்டரியில் ஃபர்னஸ் போடுகிறார்கள், எங்கோ ஒரு மட்டை லைனில் உரசுகிறது, வோல்டேஜ் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பாதியாகக் குறைகிறது. காண்டாக்டர் 'டக்' என்று விடுகிறது. ஸ்பிண்டில் நிற்கிறது, டூல் ஜாப்புக்குள்ளேயே நிற்கிறது. டிப் உடைந்து, மூன்று மணி நேரம் கடைந்த ஷாஃப்ட்டில் ஒரு கோடு. கரண்ட் போனது என்றுகூடச் சொல்ல முடியாது, ரிஜிஸ்டரில் எழுதவும் முடியாது. மூளைக்கு மட்டும் ஆன்லைன் யூபிஎஸ் வைத்தோம். கன்ட்ரோலர் உயிரோடு இருந்து, கைகால் செத்ததைக் கண்டுகொண்டு, கவுரவமாக அலாரம் அடித்தது. முன்பு சத்தமில்லாமல் நஷ்டமாகும். இப்போது அலாரத்தோடு.

ஜெனரேட்டர் கரண்டின் தரத்துக்கு எங்கள் பட்டறையில் மீட்டரே வேண்டாம், டர்னர் அண்ணனின் காது போதும். நான்கு போல் ஆல்டர்னேட்டர் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றினால்தான் 50 சைக்கிள். லோடு ஏறினால் எஞ்சின் இறங்கும், கவர்னர் பிடித்துத் தூக்க வேண்டும். பழைய கவர்னர் தூங்கிவிட்டால் சுற்று குறையும், சைக்கிள் குறையும், மோட்டாரெல்லாம் ஒரு சுருதி இறங்கும். "சத்தம் எறங்குதுங்க" என்பார், நான் ஓடுவேன். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், லீவு. அன்றைக்குக் கடைந்த ஜாப் எதுவும் அளவுக்கு வரவில்லை.

எர்த் பற்றி எல்லாரும் சொல்வார்கள்: குழி, உப்பு, கரி, கோடையில் தண்ணீர் ஊற்று என்று. நியூட்ரலைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. அது சும்மா ஒரு திரும்புகிற ஒயர்தானே என்று எங்கள் எலக்ட்ரீசியன் அதை லேசாகத் திருகிவிட்டுப் போனார். ஒரு மாதம் எஞ்சின் அதிர்ந்ததில் திருகு கழன்றது. மூன்று பேஸும் நியூட்ரல் இல்லாமல் தவித்தால் என்ன ஆகும் தெரியுமா? லோடு அதிகமுள்ள பேஸில் வோல்டேஜ் விழும், குறைவாக உள்ள பேஸில் ஏறும். கீழே இரண்டு பேஸில் மெஷின்கள். மூன்றாவது பேஸில் மாடியில் ஒரு டிவி, ஒரு மிக்ஸி, மூன்று பல்பு. பல்புகள் முதலில் அழகாக, கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தன. "இன்னிக்குத்தான் கரண்ட் நல்லா வருதுங்க" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அடுத்து டிவியிலிருந்து புகை வந்தது. அன்றிலிருந்து வீட்டில் என் ஜெனரேட்டருக்கு வேறு பெயர். இங்கே எழுத மாட்டேன்.

இப்போது சத்தம். செட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 75 டெசிபலுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி; புதுச் செட்டுகளெல்லாம் அதனால்தான் பெட்டிக்குள் வருகின்றன. என்னுடையது விதிக்கு முந்திய ஜாதி. பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்கள். சத்தத்துக்குச் சண்டைதான் என்று நினைத்தேன்.

"தம்பி, சத்தம் பரவால்லீங்க. ஒரே ஒரு லைட்டுக்கு மட்டும் ஒயர் குடுங்க. பையனுக்குப் பரீட்சை."

உரிமம் இல்லாமல் இன்னொருவருக்குக் கரண்ட் விநியோகிப்பது 2003 மின்சாரச் சட்டப்படி தப்பு. பரீட்சைக்குப் படிக்கிற பையனை இருட்டில் வைப்பது கணபதிச் சட்டப்படி தப்பு. ஒயர் சுவர் தாண்டியது. லைட்டோடு ஒரு ஃபேன் சேர்ந்தது, கொசுவாம். ஃபேனோடு ஃபிரிட்ஜ் சேர்ந்தது, மாவு புளித்துவிடுமாம். ஒரு சனிக்கிழமை காலை எஞ்சின் காரணமில்லாமல் முனகியது. போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் இரண்டு லிட்டர் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்ரசரை நிறுத்தினேன். இட்லி மாவுக்காக லோடு ஷெட்டிங் செய்த முதல் தனியார் மின்நிறுவனம் அநேகமாக என்னுடையதுதான்.

அதற்கப்புறம் எல்லாம் தானாக நடந்தது. "ஏனுங் தம்பி, வோல்டேஜ் கம்மியா வருதுங்களே" என்று புகார் வர ஆரம்பித்தது. ஆயில் மாற்றும் நாளில் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். அதனால் பட்டறை கேட்டில் ஒரு அட்டை மாட்டினேன்: 'மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் மதியம் 2 வரை.' மாட்டிவிட்டு நின்று பார்த்தபோது உடம்பெல்லாம் ஒரு மிடுக்கு. கரண்ட் பில் மட்டும் கடைசி வரை என்னால் வசூலிக்க முடியவில்லை. பதிலுக்கு இட்லி வரும்.

யூபிஎஸ் பேட்டரியையும் விட்டுவிடக் கூடாது; சத்தமே இல்லாத ஜெனரேட்டர் என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். பேட்டரி கரண்டைத் தயாரிப்பதில்லை, வாங்கி வைக்கிறது. வைக்கிற கூலியாக ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் திருப்பித் தருகிறது. 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் காகிதத்தில் 1.8 யூனிட். மூன்று ஃபேன், மூன்று லைட்டை நான்கு மணி நேரம் தாங்கினால் உங்கள் அதிர்ஷ்டம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஸ்கொயர் வேவ் வாங்கினால் ஃபேன் ராத்திரி முழுக்க 'ம்ம்ம்' என்று உறுமும். பேய் வீட்டில் காற்று வாங்கிய மாதிரி இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் ஊற்ற மாட்டார்கள். 2012-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் ஊரிலுள்ள அத்தனை பேட்டரியும் பால் மறக்காத குழந்தை மாதிரி ஒரே நேரத்தில் லைனைக் கவ்வும். கரண்ட் இல்லையே என்று வாங்கிய பெட்டி, வந்த கரண்டையும் உறிஞ்சும். அடுத்த வெட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டம் வைத்திருக்கிற என் மாமா இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர். த்ரீ பேஸ் இல்லாத நேரத்தில் கன்டென்சரைப் போட்டு இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டிவிடுவார். மோட்டார் எரிந்தால் காயில் கட்டுகிறவரைக் கூப்பிடுவார். அவருக்கும் கன்டென்சருக்கும் காயில் கட்டுகிறவருக்கும் நடுவில் நல்ல பழக்கம்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது சோலார்தானே என்பீர்கள். போட்டாயிற்று. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி மொட்டைமாடி, நாளுக்கு நாலு யூனிட். 2024 முதல் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் வேறு. வத்தல் காய வைக்கிற இடத்தைப் பிடுங்கிக்கொண்டேன் என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. டிவி போன கணக்கும் அதில் சேர்ந்திருந்தது. புறா எச்சத்தைக் கழுவ போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து கண்ணாடி வெளுக்கும்; நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். சிறுவாணித் தண்ணீரை முகம் கழுவக்கூட யோசித்து எடுக்கிற ஊரில் பேனலுக்குத் தினம் அபிஷேகம்.

மாட்டின இரண்டாவது வாரம், சித்திரை வெயில், பகல் பன்னிரண்டு மணி, கரண்ட் போனது. நான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஃபேன் நின்றது. மாடிக்கு ஓடினேன். பேனலெல்லாம் தகதகவென்று வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தன, இன்வெர்ட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு. போட்டுக்கொடுத்த பையனைப் போனில் பிடித்தேன். "சார், இது ஆன்கிரிட் சார். ஈபி இருந்தாத்தான் சோலார் ஓடும்." சூரியன் இருந்தால் போதாதா? போதாதாம். லைன் செத்தால் இதுவும் சாக வேண்டும். சேஞ்ச் ஓவருக்குச் சொன்ன அதே காரணம், கம்பத்தில் இருக்கிற லைன்மேன். நியாயம்தான். வாங்கும்போது சொல்லியிருக்கலாம். ஈபி இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், அதற்கு இன்னொரு விலை. ஆக, கரண்ட் இருக்கும்போது கரண்ட் கொடுப்பதற்கு மாடியில் ஒன்று. இல்லாதபோது கொடுப்பதற்கு, டீசல் நாற்றத்தோடு, கீழே பழைய ஆள் அப்படியே.

இப்போதெல்லாம் வெட்டு குறைவு, அவருக்கு வேலையும் குறைவு. வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டிவையுங்கள். இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் பேட்டரி செத்திருக்கும். சேஞ்ச் ஓவருக்குப் பக்கத்தில் ஈபி வந்தால் எரிகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் மாட்டிக்கொள்ளுங்கள். கையால் மாற்றுகிற சேஞ்ச் ஓவரில், ஜெனரேட்டர் பக்கம் போட்டுவிட்டால் ஈபி வந்தது தெரியாது. ஐம்பது ரூபாய் வேலை. நான் அடுத்த வாரம் மாட்டலாம் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ராத்திரி காற்றும் மழையும். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. செட்டைக் கிளப்பினேன், அக்கா வீட்டிலும் ஈபி மெயினை ஆஃப் செய்தார்கள், ஒயர் உயிர் பெற்றது. பத்தேகால் வரை ஜோராக ஓடிய எஞ்சின் இரண்டு இருமல் இருமி நின்றது. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். நுனி மட்டும் நனைந்தது. அந்த நேரத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு எந்த பங்குக்குப் போக? பழக்கதோஷத்தில் வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்தேன்.

பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்த வீடும். தெருவிளக்கும். மூலையிலிருக்கிற பேக்கரியில் சீரியல் செட்கூட மினுக்கிக்கொண்டிருந்தது. எப்போது வந்ததோ, ஒன்றரை மணி நேரமோ, இரண்டு மணி நேரமோ. தெரு முழுக்க வெளிச்சம். இருட்டாக நின்றது இரண்டே வீடு, என்னுடையதும் அக்காவுடையதும்.

சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

"ஏனுங் தம்பி, எல்லாருக்கும் போச்சுங்களா, நமக்கு மட்டுமுங்களா?"

"நமக்கு மட்டுந்தானுங்க்கா."

"எப்ப வருமுங்க?"

சேஞ்ச் ஓவர் பட்டறைக்குள்ளே இருக்கிறது. சாவி மாடியில். டார்ச் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"லைன்ல வேலை நடக்குதுங்க்கா," என்றேன். "வந்துருமுங்க."